வாய் இருந்தது, காது இல்லை

கம்ஷாத் கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தாள். வெளியே வாசலைக் காணோம். கதவு உயரத்துக்கு வெள்ளைச் சுவர் ஒன்று நின்றது. கதவுப் பலகையின் வரிகள்கூட அதில் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தன. உச்சியில் மட்டும் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாகப் புரான் என்கிற பனிப்புயல் ஊளையிட்டுக்கொண்டு பனித்தூளை அவள் முகத்தில் வாரி அடித்தது. மண்வாரியால் நாலு வாரு வாரிப் பார்த்தாள். வாரிய இடம் கண்ணெதிரிலேயே நிரம்பியது. கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள்.

"வெளில யாராச்சும் வந்திருக்காங்களா?" உள்ளே அடுப்பருகே படுத்திருந்த ஒரின்பாய் கேட்டார்.

"ஆமா அத்தான். என்னப் பொண்ணு பாக்க வந்திருக்காங்க. குதிரையக் கட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"வரட்டும், வரட்டும். உன்னைக் கட்டிக்கற துணிச்சல் இருக்கறவன் இந்த மாதிரி புயல்லதான் வருவான்."

சிரிக்கப் போனவர் பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு வலது காலுக்குப் போய் வலித்தது.

ஒரின்பாய் கம்ஷாத்தின் அக்காள் ஷர்பானுடைய கணவர். அறுபதை நெருங்குகிற குதிரைக்காரர். கர்கராலி ஊரைத் தாண்டி, தாஸ்புலாக் என்கிற இந்தப் பனிக்காலக் கிடையில்தான் ஒவ்வொரு குளிரையும் அவர் கழிப்பது. மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதென்று ஷர்பான் கரகந்தாவுக்குப் போயிருந்தாள். போகுமுன் தங்கைக்குப் போன் போட்டு, "ஒரு வாரம் உங்கத்தானைப் பாத்துக்கடி. அந்த மனுஷனுக்குத் தண்ணி கொதிச்சாக்கூடத் தெரியாது" என்றிருந்தாள். கம்ஷாத் உடனே விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். அக்காள் சொல்லுக்காக மட்டும் வரவில்லை. கம்ஷாத்தின் ரேடியோ இங்கேதான் இருந்தது.

முந்தின நாள் மத்தியானம் பனியின் கனம் தாங்காமல் கொட்டகைக் கூரை இறங்கிவிட்டது. உள்ளே ஜெனரேட்டர் இருந்தது. அதை வெளியே இழுத்துவிடலாமென்று ஓடினார் ஒரின்பாய். உத்திரம் அவர் வலது பாதத்தின் மேல் விழுந்தது. கடப்பாரை போட்டு நெம்பி அவரை வெளியே இழுத்து, வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கம்ஷாத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. கரகந்தாவில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. இந்தக் காலுக்குப் படம் தேவைப்படவில்லை. தொட்டபோதே உள்ளே நொறுங்கியிருப்பது விரலுக்குத் தெரிந்தது. இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துக் கட்டினாள். பின்னிரவில் பார்த்தபோது கால்விரல்கள் பீட்ரூட் நிறத்துக்கு வந்திருந்தன.

கைபேசிக் கோபுரம் புயலின் முதல் சில மணி நேரத்திலேயே செத்துவிட்டது. காரும் பனிக்குள் போய்விட்டது. மிஞ்சியது ரேடியோவும் அதற்கான இரண்டு பேட்டரிகளும். ஜெனரேட்டர் கூரைக்கடியில் கிடந்ததால் பேட்டரியில் இருப்பதுதான் இருப்பு.

பொழுதுபோக்காகத் தானே அலை அனுப்பிக் கேட்கிற ஹாம் ரேடியோவில் கம்ஷாத்துக்குக் கீழலைகள் மேல்தான் பைத்தியம். பகலெல்லாம் முடங்கிக் கிடந்து, குளிர்கால அந்தியில் விழித்துக்கொண்டு, விடியும்வரை நாடு கடந்து போகிற அலைகள் அவை. போகும், ஆனால் மெல்லியதாகத்தான் வந்து சேரும். அவள் குடியிருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மோட்டார், படிக்கட்டு விளக்கு, எதிர்வீட்டுச் சார்ஜர், கீழ்வீட்டு டிவிப்பெட்டி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அந்த அலைகளில் இரைச்சலைக் கொட்டியது. அவள் கூப்பிடுவது ஊரெல்லாம் கேட்டது. ஊர் பதில் சொல்வது அவளுக்குக் கேட்கவில்லை. வாய் இருந்தது, காது இல்லை. மின்கம்பமே இல்லாத அத்தான் கிடைக்கு அவள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்தக் காதுக்காகத்தான்.

அனுப்புவதற்கு வீட்டோரம் உயரமான கம்பம் ஒன்றை நட்டாள். கேட்பதற்கு அது சரிப்படாது. உயரமான கம்பம் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லா இரைச்சலையும் வாரிக்கொண்டு வரும். அதனால் போன குளிரில் நீளமான கம்பி ஒன்றைக் குட்டைக் குச்சிகளின் மேல் சமவெளியில் ஓடவிட்டாள். தரையோடு தரையாக ஓடும் கம்பி, அது நீண்டிருக்கும் திசையை மட்டும் கேட்கும். மற்றதற்குச் செவி சாய்க்காது. அந்தக் குளிரில் தென்னமெரிக்கா வரைக்கும் அவளுக்குக் கேட்டது. பிறகு ஒரு விடியலில் உறைபனியின் கனத்தில் கம்பி தொய்ந்தது. பனியைக் குளம்பால் கிளறி மேய்ந்துகொண்டிருந்த சினைக்குதிரை ஒன்று அதில் காலைக் கொடுத்து விழுந்தது. முன்னங்கால் முறிந்துவிட்டது. ஒரின்பாய் தன் கையாலேயே அதை அறுக்கவேண்டி வந்தது.

அந்த வசந்தம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. கோடையில் ஷர்பான் நடுவே புகுந்து சமாதானம் பண்ணினாள். நீளக்கம்பி கூடாது, வேண்டுமானால் கொட்டகைச் சுவரோரம் சின்னதாக ஏதாவது வைத்துக்கொள்ளட்டும். கம்ஷாத் முக்கோண வடிவில் செம்புக்கம்பி வளையம் ஒன்றைக் கட்டினாள். சாதாரண நாளில் அது பாதிக் காது. புயல் நாளில் கால்வாசிக் காதுகூட இல்லை என்பது இப்போது தெரிந்தது.

உலர்ந்த பனித்தூள் மின்னேறிப் பறக்கும். கம்பத்தில் மோதுகிற ஒவ்வொரு துகளும் ஒரு பொறி. ஹெட்போனை மாட்டினால் கொதிக்கிற எண்ணெய்க்குள் தலையை விட்டதுபோல இருந்தது. முந்தின நாள் அந்தியிலிருந்து அவள் மோர்ஸ் தந்திக்குறியில் அனுப்பிக்கொண்டே இருந்தாள். இடம், ஆள், அடிபட்ட கால், உதவி வேண்டும். அனுப்பிவிட்டு ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சடசடவென்று பொரிந்த சத்தம் மட்டும்தான் வந்தது.

"பதில் வந்துச்சா?"

"இல்ல அத்தான்."

"யாருமே கேக்கலியோ என்னவோ."

"கேட்டுருப்பாங்க. அவங்க பேசறதுதான் எனக்குக் கேக்கல."

"அது எப்படித் தெரியும் உனக்கு?"

அந்தக் கேள்விதான் அவளை உள்ளே போட்டு அரித்தது. கதவுக்கு வெளியே பனிச்சுவர், காதுக்குள் இரைச்சல். இரண்டுக்கும் நடுவில் ஓரறை, ஓர் அடுப்பு, கால் அழுகத் தொடங்கிய ஒரு மனிதர்.

அன்று விடியலில் வளையத்தின் வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். காற்று மூச்சு வாங்கிய ஒரு நொடியில், சடசடப்புக்கு அடியில் ஊசி முனைபோல ஒரு சீழ்க்கை நுழைந்தது. அவளுடைய அழைப்புக்குறி! யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள். பென்சிலைப் பாய்ந்து எடுத்தாள். விழுந்ததை விழுந்தபடி எழுதினாள். பர்னவுல், ரஷ்யப் பக்கத்து நகரம். பெயர் வெனியமின். பிறகு நீண்ட இரைச்சல். பிறகு 'நாளை விடியலில் காற்று நிற்கும்.' மறுபடி இரைச்சல். அதன் வாலில் ஒற்றைச் சொல்: 'புறப்படவும்.'

"என்னவாம்?" ஒரின்பாய் முழங்கையை ஊன்றி எழுந்துவிட்டார்.

அவள் சொன்னாள். அவர் முகத்தில் முந்தின நாளுக்குப் பிறகு முதல்முறையாக ரத்தம் ஓடியது.

"அப்படிச் சொல்லு! நாளைக்குக் காலைல காத்து நிக்கும். பனிவண்டில என்னைத் தூக்கிப் போடு. சிவலைக் குதிரையப் பூட்டு. மத்தியானத்துக்குள்ள தார் ரோட்டுக்குப் போயிடலாம்."

கம்ஷாத் எழுதினதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் ரஷ்யமொழியில் அனுப்பியிருந்தார். அந்த மொழியில் 'வேண்டாம்' என்கிற மறுப்பு வினைக்கு முன்னால் வரும். இரண்டே எழுத்து. மோர்ஸில் ஒரு நீளம், ஒரு குறுக்கம், பிறகு இன்னொரு குறுக்கம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். 'புறப்படவும்' என்ற சொல்லுக்கு முன்னால் இரைச்சல் இருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் அந்த இரண்டெழுத்து கிடந்ததா, கிடக்கவில்லையா?

திரும்பச் சொல்லும்படி கேட்டு அனுப்பினாள். திரும்பத் திரும்ப அனுப்பினாள். அதற்குள் வெளிச்சம் ஏறிவிட்டது. பகல் வந்தால் கீழலை அடங்கும். சீழ்க்கை மெலிந்து மெலிந்து இல்லாமலே போனது.

"அத்தான், 'புறப்படாதீங்க'ன்னும் சொல்லியிருக்கலாம்."

"காத்து நிக்கும்னு சொன்னவன் எதுக்குடி போகாதேம்பான்?"

"எனக்குத் தெரியல."

"உனக்குத் தெரியறதுக்குள்ள என் கால் போயிடும்."

அவள் எழுந்து மூலையில் கிடந்த பெட்டியைக் கிளறினாள். அடியில் ஒரு சுருள் இருந்தது. பழைய ராணுவத் தொலைபேசிக் கம்பி, கறுப்பு உறை போட்டது. கோடையில் வாங்கியது. அத்தானுக்குத் தெரியாமல் வைத்திருந்தாள். குச்சிகளின் மேல் ஏற்றாமல் தரையிலேயே, பனிக்குள்ளேயே புதைத்துவிட்டால் பறக்கிற பனித்தூள் அதைத் தொடாது. உறை இருப்பதால் ஈரம் பற்றியும் கவலையில்லை. சத்தம் குறையும். எவ்வளவு குறையும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

சுருளைப் பார்த்ததும் ஒரின்பாயின் முகம் இறுகியது. பிறகு, "அதை எங்க இருந்து எடுத்த?" என்றார்.

"வெச்சிருந்தேன்."

"வேண்டாம்னு சொன்ன பிறகும் வெச்சிருந்த."

"ஆமா."

"இந்தப் புயல்ல வெளில போவியா? போய் நீ விழுந்தா என்னை யாரு இழுத்துட்டுப் போறது, உங்கக்காவா?"

"அந்திக்குள்ள போடணும் அத்தான். அந்தியில அலை திரும்ப எழும்பும். பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதுக்குள்ள அந்த ஆள் என்ன சொன்னான்னு சரியாக் கேட்டாகணும்."

"அந்த முக்கோணம் இருக்கில்ல?"

"ஒரு கேபிள்தான் இருக்கு. இதுல மாட்டணும்னா அதைக் கழட்டணும். அதுல பாதிப் பேச்சுதான் கேக்குது. பாதிப் பேச்சை நம்பி உங்கள வண்டில போட முடியாது."

ஒரின்பாய் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எப்படியும் இவள் போகத்தான் போகிறாள் என்று தெரிந்துகொண்ட மனிதராக, கடைசியில் கேட்டார்: "எந்தப் பக்கம் ஓட்டப் போற?"

பர்னவுல் வடகிழக்கே. காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. தரையில் கிடக்கிற கம்பிக்கு இரண்டு முனையிலும் காது. வடகிழக்கே ஓட்டினாலும் தென்மேற்கே ஓட்டினாலும் கேட்பது ஒன்றுதான். காற்றோடு வடகிழக்கே போவது சுலபம் என்று அவள் நினைத்திருந்தாள். சொன்னாள்.

"போகாதே. மந்தை காத்தோட போயி அந்தப் பக்கம்தான் பாறைக்குப் பின்னால ஒதுங்கியிருக்கும். காத்த எதுத்துப் போ."

"குதிரைக்காகச் சொல்றீங்க."

"காத்தோட போறவனுக்குப் போறது தெரியாது, திரும்ப முடியாது. எதுத்துப் போனா, உன்னால முடியாதப்ப நின்னுடுவ. நின்ன இடத்துலருந்து காத்தே உன்னைத் தள்ளிட்டு வந்து வீட்டுல சேத்துடும்."

"நெஜமா எனக்காகவா சொல்றீங்க?"

"உனக்காகன்னு சொன்னா நம்பவா போற? குதிரைக்காகன்னே வெச்சுக்கோ."

மத்தியானம் கடந்து புறப்பட்டாள். அக்காளின் ஆட்டுத்தோல் கோட்டைத் தன் கோட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையை ஒரின்பாய் கையில் கொடுத்தாள். கதவுக்கு மேலிருந்த சாண் இடைவெளியை அகலப்படுத்தி, வயிற்றால் ஊர்ந்து வெளியேறினாள்.

வெளியே திசை என்று எதுவும் இல்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. காற்று மட்டும்தான் ஒரு பக்கம் இருந்தது. நிமிர்ந்தால் தள்ளிவிட்டது. தவழ்ந்தாள். கொட்டகைச் சுவரை உடம்பால் இடித்துத்தான் கண்டுபிடித்தாள். வளையம் சுவரோரம் அதிர்ந்துகொண்டிருந்தது. கையுறையைக் கழற்றினால்தான் கேபிளைக் கழற்ற முடியும். கழற்றினாள். விரல்கள் முதலில் எரிந்தன, பிறகு யாருடைய விரல்களோ ஆகிவிட்டன. பல்லால் கடித்துத் திருகி, கேபிளை, கம்பியோடு இணைக்கிற சின்ன டப்பாவில் மாட்டி, டப்பாவில் கறுப்புக் கம்பியின் முனையைச் செருகினாள். இனி வளையத்தைத் திரும்ப மாட்ட இந்த விரல்களால் முடியாது என்று தெரிந்தது. இருந்த கொஞ்சநஞ்சக் காதையும் அறுத்துப் போட்டாயிற்று.

சுருளை மார்போடு கட்டிக்கொண்டு காற்றுக்குள் முட்டிப் போனாள். சமையல்கத்தியால் இறுகின பனியைக் கீறுவது, கம்பியை அதற்குள் அழுத்துவது, முழங்காலால் ஒரு தள்ளு முன்னால் போவது. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது இடுப்புக்கயிறு இழுத்தது. அதன் நீளம் அவ்வளவுதான். சுருளில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. குட்டையாகப் போட்டால் குட்டையாகத்தான் கேட்கும்.

கயிற்றை அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு தூரம் போனாள் என்று அவளுக்குத் தெரியாது. இமைகள் ஒட்டிக்கொண்டன. மூச்சை உள்ளே இழுத்தால் பனி வந்தது. ஒரு கட்டத்தில் முழங்கால் முன்னால் போக மறுத்துவிட்டது. சுருளில் இன்னும் சில சுற்று பாக்கி. அப்படியே அதைப் பனிக்குள் அமுக்கிவிட்டுத் திரும்பினாள்.

கம்பியைத் தடவிக்கொண்டு வந்துவிடலாம் என்றிருந்தாள். கம்பியைக் காணோம். அவள் கீறின கோட்டின் மேல் அதற்குள் புதுப்பனி ஏறி மூடியிருந்தது. தோண்டினாள். இல்லை. இன்னொரு இடத்தில் தோண்டினாள். அங்கேயும் இல்லை. தோண்டித் தோண்டி, தானே வெட்டிய குழிக்குள் உட்கார்ந்திருப்பதை உணர்ந்தாள். அங்கே காற்று அவ்வளவாகப் படவில்லை. கதகதப்பாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரம் இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றிய அடுத்த நொடியே பயந்து எழுந்தாள். அடிபட்ட ஆட்களைக் குளிரிலிருந்து அவள் எக்ஸ்ரே மேஜைக்குக் கொண்டுவருவார்கள். கடைசியில் கதகதப்பாக இருந்தது என்று சொன்னவர்களை அவளுக்குத் தெரியும்.

காற்றைப் பிடரியில் வாங்கிக்கொண்டாள். பிடரியை விட்டு அது நகராதபடி தவழ்ந்தாள். இடது காதில் பட்டால் கொஞ்சம் வலப்பக்கம், வலது காதில் பட்டால் கொஞ்சம் இடப்பக்கம். வேறொன்றையும் நினைக்கவில்லை. தலை எதன்மேலோ முட்டியது. வீட்டோரக் கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த இரும்புக் கம்பி. காற்றில் அது தேனீக்கூடு போல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

கதவிடுக்கு வழியாக உள்ளே சரிந்து விழுந்தபோது ஒரின்பாய் தரையில் உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து கதவுவரை நொறுங்கின காலோடு ஊர்ந்து வந்திருக்கிறார். மடியில் கயிறு குவிந்து கிடந்தது. இழுத்திருக்கிறார், வெறும் கயிறு வந்திருக்கிறது.

அவர் கயிற்றிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

"உங்கக்காகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றார். "நாசமாப் போறவளே. எதுக்குடி கயித்த அவுத்த?"

"நீளம் பத்தல அத்தான்."

அவர் கயிற்றைத் தூக்கி அவள் மேல் வீசினார். பிறகு அவள் கைகளை இழுத்துத் தன் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். விரல்களில் உயிர் திரும்பி அவள் கத்தினபோதும் விடவில்லை.

ஜன்னலின் மேல்பாதியில் தெரிந்த வெள்ளை நீலமாகத் தொடங்கியபோது அவள் ரேடியோவை இயக்கினாள். ஹெட்போனை மாட்டினாள். ஒரு நொடி ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்தாள். அந்தக் கொதியெண்ணெய் இல்லை. தூரத்து அறையில் யாரோ அரிசி புடைக்கிறது போல மெல்லிய சலசலப்பு மட்டும். அதன் நடுவே, தெளிவாக, நிதானமாக, பர்னவுல்காரர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பகலெல்லாம் கூப்பிட்டிருப்பார் போல. அவருடைய கை ஓய்ந்துபோயிருந்தது மோர்ஸிலேயே தெரிந்தது. அவள் பதில் கொடுத்ததும் அந்தக் கை ஒரு கணம் தடுமாறியது. பிறகு விவரமெல்லாம் வந்தது. முந்தின நாள் அந்தியிலேயே அவள் சொன்னது முழுக்க அவருக்குக் கேட்டுவிட்டது. கர்கராலியில் மீட்புக்குழுவிடம் போனில் சொல்லிவிட்டார். சங்கிலிச் சக்கர வண்டி தயாராக நிற்கிறது. நாளை விடியலில் காற்று நிற்கும், ஆனால் அது ஏமாற்று. மத்தியானத்துக்குள் இதைவிடப் பெரிதாக இன்னொன்று வருகிறது. அது கடந்த பிறகுதான் வண்டி புறப்படும். காலைத் தேய்க்காதே, நெருப்பில் காட்டாதே, உயர்த்தி வை.

கடைசியில் அந்த வாக்கியம். நீளம், குறுக்கம். குறுக்கம். பிறகு அந்தச் சொல். திரும்பச் சொல்லச் சொன்னாள். நீளம், குறுக்கம். குறுக்கம். இன்னொரு முறை கேட்டாள். அவர் சலிக்காமல் ஒவ்வோர் எழுத்தாக, குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி அனுப்பினார். புறப்பட வேண்டாம்.

அவள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவின் விளக்கு மங்கி அணைந்தது. இரண்டாவது பேட்டரியும் தீர்ந்துவிட்டது.

மறுநாள் விடிந்தபோது சத்தமே இல்லை. அந்த அமைதியில்தான் இருவரும் விழித்தார்கள். கம்ஷாத் கதவுக்கு மேலே தலையை நீட்டினாள். வானம் கழுவித் துடைத்த நீலம். சூரியன் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. ஒரு துரும்பு அசையவில்லை.

உள்ளே வந்தபோது ஒரின்பாய் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"சிவலையப் பூட்டு."

"அத்தான், நேத்தே சொன்னேன்."

"நேத்து சொன்ன. வெளில பாத்தியா? பாத்துட்டு வந்து சொல்லு."

"பாத்தேன். மத்தியானம் திரும்ப வருது."

"யாரு சொன்னா? பர்னவுல்ல உக்காந்துட்டு ஒருத்தன் கீச்சு கீச்சுங்கறான், அதக் கேட்டுட்டு நீ எனக்கு வானத்தப் பத்திச் சொல்ற. இந்த வானத்துக்கடில நான் பொறந்தேன்டி."

"மூணு தடவ கேட்டு வாங்கினேன்."

"முதல்ல போகச் சொன்னான்ன. அப்பறம் போகாதேன்னான்ன. இன்னொரு தடவ கேட்டா மூணாவதா ஒண்ணு சொல்லுவான். கேளு பாப்போம்!"

கேட்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். பேட்டரி செத்துக் கிடந்தது. அவர் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் எழுந்தார். ஆணியில் தொங்கிய கடிவாளத்துக்குக் கை நீட்டினார். கம்ஷாத் முந்திக்கொண்டு அதை எடுத்தாள். எடுத்துக்கொண்டு போய்க் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

"எந்திரி."

"மாட்டேன்."

"கால்ல வாடை வருது, உனக்கு மூக்கில்லையா? இன்னிக்குப் போகலன்னா முழங்காலோட வெட்டுவான்."

"தெரியும்."

"போன வருஷம் என் குதிரையக் கொன்ன. இந்த வருஷம் நான்."

கடிவாளத்தின் இரும்பு அவள் உள்ளங்கையில் பதிந்துகொண்டிருந்தது. அவர் நின்று பார்த்தார். பிறகு நிற்க முடியாமல் சறுக்கி உட்கார்ந்தார். ஒருவரையொருவர் பார்த்தபடி, நடுவில் அடுப்பு, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலின் மேல்பாதி வழியாக வெயில் விழுந்து தரைவிரிப்பின் மேல் மெல்ல நகர்ந்தது. அத்தனை அழகான வெயில். அந்த வெயில் நகர நகர அவளுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. வேண்டும் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டேனா? குளிரில் விறைத்த மூளை தானாக இரண்டெழுத்தைச் சேர்த்துக்கொண்டதா? தார் ரோட்டுக்கு இந்நேரம் பாதி வழி போயிருக்கலாம். இந்தக் கால் போனால் அது உத்திரத்தால் போனதாக இருக்காது, அவளால் போனதாகத்தான் இருக்கும். எழுந்து வண்டியைப் பூட்டிவிடலாமா? ஒரு முறை உடம்பு எழுந்தேவிட்டது. திரும்ப உட்கார்ந்தாள்.

ஒரின்பாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சாய்ப்பில் சிவலை குளம்பால் தரையைத் தட்டியது. இன்னொரு முறை தட்டிவிட்டு, நீளமாகக் கனைத்தது. அவர் கண்ணைத் திறந்தார்.

விரிப்பின் மேல் இருந்த வெயில் போய்விட்டிருந்தது. மேகம் மறைத்தால் மங்கும்; இது அணைத்த மாதிரி போனது. பிறகு வீடே ஒரு குலுங்கு குலுங்கியது. கூரைத் தகரம் அலறியது. ஜன்னலின் மேல்பாதியும் வெள்ளையாகிவிட்டது.

முந்தையது புயலா என்று கேட்கிற அளவுக்கு இருந்தது இது. காலையில் புறப்பட்டிருந்தால், தார் ரோட்டுக்குப் போகிற வழியில் பள்ளத்தாக்குக்கு நடுவே பனிவண்டியோடு இந்நேரம் இருந்திருப்பார்கள். அதை இருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள்.

"டீ போடேன்" என்றார் ஒரின்பாய் கடைசியில். "பால் கொஞ்சம் தாராளமா."

அவள் எழுந்தபோது கடிவாளம் கையைவிட்டு வரவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கவேண்டியிருந்தது.

அடுத்த நாள் அந்தி சாய்வதற்குள் சங்கிலிச் சக்கர வண்டி வந்து சேர்ந்தது. கதவு எங்கே என்று தெரியாமல் ஜன்னல் பக்கமாகத் தோண்டிக்கொண்டு இறங்கினார்கள். முதலில் உள்ளே குதித்த தாடிக்காரர் மீசையில் பனிக்கட்டி தொங்க, "பர்னவுல் ஆளுக்கு யாராச்சும் போன் போடுங்கப்பா, நாலு நாளா எங்களத் தூங்க விடல" என்றார். ஒரின்பாயைக் கம்பளியில் சுற்றி, நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். அவருக்குப் பிற்பாடு மூன்று கால்விரல்கள் போயின. பாதம் தங்கியது, மடங்காது, ஆனால் ஊன்றும். மந்தையில் இரண்டு குட்டிகள் செத்திருந்தன. மற்றவை பாறைக்குப் பின்னால், அவர் சொன்ன இடத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றிருந்தன. நீளக்கம்பி இருந்த பக்கம் ஒரு குதிரையும் போகவில்லை.

அதெல்லாம் பிற்பாடு. அன்று வண்டிக்குள் கம்ஷாத் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நாலு பக்கமும் இரும்பு, ஜன்னல் கிடையாது. கதவை வெளியிலிருந்து சாத்தி இறுக்கினார்கள். வண்டி உறுமிக்கொண்டு நகர்ந்ததும் அவளுக்கு மூச்சு முட்டியது. கை தானாகக் கதவைத் தேடியது. இத்தனை நாளும் வராத நடுக்கம் அப்போதுதான் வந்தது, பற்கள் கிட்டிக்கொண்டன.

ஒரின்பாய் அவளைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி முன்னாலிருந்த தாடிக்காரரிடம், "தம்பி, அந்த மேல் மூடியக் கொஞ்சம் திறந்து வையேன்" என்றார்.

"குளிருமே அண்ணே. அடிபட்ட ஆளு நீங்க."

"குளிரட்டும். புழுக்கமா இருக்கு எனக்கு."

மூடி திறந்தது. கையகல வானம் தெரிந்தது. பனிக்காற்று நேராக அவர் முகத்தின் மேல்தான் விழுந்தது. அவர் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். கர்கராலி வரும்வரை திறந்தே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.